முடக்குவாதம், ஆன்ட்டி-சிசிபி பாசிட்டிவ், வயது 38. இருபது வருடம் கழித்து கை எப்படி இருக்கும்?

தூரிகை எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். ஓவியம்தான் தொழில். சில மாதங்களாகக் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை, இறுக்கம் தளர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு கையிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் அடிக்கணுக்கள் வீங்கியிருக்கின்றன. முஷ்டி பிடித்தால் கணுக்களுக்கு நடுவே தெரியும் பள்ளமே இல்லை. மணிக்கட்டும் அப்படித்தான். ரத்தப் பரிசோதனையில் ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்ட்டி-சிசிபி என்ற இரண்டு ஆன்டிபாடிகளும் பாசிட்டிவ், அதுவும் அதிக அளவில். முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், கூடவே ஃபோலிக் ஆசிட், கொஞ்ச நாளைக்குக் குறைந்த அளவில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இன்னும் எதுவும் இல்லையாம்.

மருந்து கேட்கத் தொடங்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரவில் உட்கார்ந்து இணையத்தில் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டேன். எல்லாப் படத்திலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. எனக்கும் அதுதானா? பத்து, இருபது வருடம் இதோடு இருந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

கணுக்கிழவி எழுதியது:

அந்தப் படங்களில் இருப்பது என்னுடைய கை மாதிரிதான் மகளே. அதனால் நானே பதில் சொல்கிறேன்.

எனக்கு வந்தது 1980களின் நடுவில். அப்போதெல்லாம் முதலில் ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை, ஓய்வு. அதில் சரிவரவில்லை என்றால் வேறு வலி மாத்திரை. எலும்பு கெட்டது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகுதான் "கடுமையான" மருந்துக்குப் போவார்கள். தங்க ஊசி போட்டார்கள், ஆமாம், தங்கம்தான். மெத்தோட்ரெக்ஸேட் என் கைக்கு வந்து சேர்வதற்குள் விரல்கள் சாய்ந்துவிட்டன. இரண்டு முழங்காலும் மாற்றியது. வலது மணிக்கட்டை அசையாதபடி இணைத்துவிட்டார்கள், அதில் வலி போனது பெரிய விடுதலை.

அது நடந்தது அந்தக் காலத்து வைத்திய முறையில். உங்களுக்கு எலும்பு அரிக்கும் முன்பே மருந்து தொடங்கிவிட்டார்கள். என் கையைப் பார்த்து உங்கள் கைக்கு ஜோசியம் சொல்லாதீர்கள்.

மூட்டு_டாக்டர் எழுதியது:

கணுக்கிழவி அம்மா சொன்னது வரலாற்றுப்படி மிகச் சரி. கொஞ்சம் விவரம் சேர்க்கிறேன் (நான் வாதநோய் மருத்துவர். இங்கே யாருக்கும் மருந்தளவு சொல்ல மாட்டேன்).

மூட்டின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. முடக்குவாதத்தில் அது தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, ஓரத்து எலும்பை அரிக்கிறது. அரித்த எலும்பு பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. இன்னொரு பக்கம், வீங்கிய மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் தளர்ந்து, விரலைத் தவறான திசைக்கு இழுக்கின்றன. நீங்கள் பார்த்த சாய்ந்த விரல்கள் இரண்டும் சேர்ந்து பல வருடம் நடந்ததன் விளைவு. ஒரே நாளில் வருவதில்லை.

அதனால் நீண்ட காலப் போக்கைத் தீர்மானிப்பது, மூட்டுகள் எத்தனை காலம் எவ்வளவு வீங்கியிருந்தன என்ற மொத்தக் கூட்டுத்தொகை. இன்றைக்கு வலி எவ்வளவு என்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது. அரிப்பு பலருக்கு முதல் இரண்டு வருடத்திலேயே தொடங்கிவிடும் என்று தெரிந்த பிறகுதான் மருத்துவத்தின் போக்கே மாறியது. 1987இல் வந்த வகைப்பாட்டு விதிகளில் எலும்பு அரிப்பு, தோலடி முடிச்சு போன்றவை இருந்தன, அதாவது நோய் முற்றிய பிறகு தெரிபவை. 2010இல் வந்த புதிய விதிகள் வீங்கிய மூட்டு, ஆன்டிபாடி, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அல்லது ஈஎஸ்ஆர், ஆறு வாரத்துக்கு மேல் நீடித்ததா என்று பார்க்கின்றன. அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற, நோயின் போக்கை மாற்றும் மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டி.

மருந்தைவிடவும் முக்கியமான ஒன்று உண்டு. 2004இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு, பெயர் டிகோரா. இரண்டு குழுவுக்கும் கிடைத்த மருந்துகள் ஏறக்குறைய ஒன்றுதான், பயாலஜிக் எனப்படும், உயிரணுக்களில் தயாரிக்கும் விலை கூடிய மருந்து கிடையாது. ஒரு குழுவை மாதாமாதம் வரச் சொல்லி, வீங்கிய மூட்டுகளை எண்ணி, இலக்கை எட்டாவிட்டால் அன்றே மருந்தைக் கூட்டினார்கள். மற்ற குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. 18 மாதத்தில் நோய் அடங்கியவர்கள் முதல் குழுவில் 65 சதவீதம், மற்றதில் 16.

ஆகவே உங்கள் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கணுக்களை அழுத்திப் பார்த்து எண்ணுகிறாரா என்று கவனியுங்கள். "எப்படி இருக்கு, பரவாயில்லையா, அதையே சாப்பிடுங்க" என்று முடித்தால் நீங்களே கேளுங்கள்.

எதிர்க்கேள்வி எழுதியது:

டாக்டர் கோபப்படக் கூடாது. என் நண்பனுக்கும் இதே மாதிரி கை, கால் மூட்டெல்லாம் வீங்கியது. மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய் மருந்து, கல்லீரலைக் கெடுக்கும் என்று சொல்லி ஒன்றுமே எடுக்கவில்லை. மூன்றே மாதத்தில் தானாகப் போய்விட்டது. அப்புறம் எதற்கு வாழ்நாள் முழுக்க விஷம்?

மூட்டு_டாக்டர் எழுதியது:

கோபம் எதற்கு, இது நியாயமான கேள்விதான். மூட்டு வீங்கி வரும் எல்லோருக்கும் முடக்குவாதம் கிடையாது. பார்வோ வைரஸ் வந்தால்கூட இரண்டு கைக் கணுவும் வீங்கும், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். நெதர்லாந்தின் லைடன் நகரில் 1993 முதல் ஆரம்பகால மூட்டு அழற்சி நோயாளிகளைப் பின்தொடர்கிறார்கள். இன்ன வகை என்று பெயர் வைக்க முடியாத நிலையில் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பிற்பாடு முடக்குவாதமானது. கணிசமானவர்களுக்கு மருந்தே இல்லாமல் சரியாகிவிட்டது. உங்கள் நண்பர் இந்த இரண்டாவது கூட்டமாக இருக்கலாம்.

ஆன்ட்டி-சிசிபி அதிகமாக இருந்து, பல சிறிய மூட்டுகள் ஆறு வாரத்தைத் தாண்டியும் வீங்கியிருப்பவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அபூர்வம். நண்பருக்கு அந்தப் பரிசோதனை என்ன காட்டியது என்று கேட்டுப் பாருங்கள்.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் அளவு இதைவிடப் பல மடங்கு. முடக்குவாதத்தில் வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்கிறோம், மதுவைத் தவிர்க்கச் சொல்கிறோம்.

மருமகன் எழுதியது:

மெத்தோட்ரெக்ஸேட் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. என் மாமியாருக்கு மருந்துக் கவரின் மேல் "தினமும்" என்று யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரும் தினமும் போட்டார். முதலில் வாய் முழுக்கப் புண், தண்ணீர் குடிக்கவே முடியவில்லை. பிறகு காய்ச்சல். பார்த்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன. மருத்துவமனையில் சேர்த்து, மெத்தோட்ரெக்ஸேட்டின் நச்சை முறிக்கும் ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

இப்போது அட்டையின் மேலேயே பெரிதாக "புதன் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறோம். ஃபோலிக் ஆசிட் இருப்பது வேறு டப்பாவில். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரை, கண் மங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மூட்டு_டாக்டர் எழுதியது:

மருமகன் சொன்னதை இழையின் தலையில் ஒட்டி வைக்கலாம். உயிரே போகக்கூடிய தவறு அது, உலகமெங்கும் நடக்கிறது.

விறைத்தமுதுகு எழுதியது:

தலைப்பு முடக்குவாதம் என்றாலும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அழற்சி முதுகில், அக்சியல் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ். இருபத்தைந்து வயதில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு முதுகுவலி எழுப்பிவிடும், எழுந்து நடந்தால் குறையும். படுத்து ஓய்வெடுத்தால் கூடும். ஏதோ டிஸ்க் என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயின. எங்கள் போக்கு வேறு. எலும்பு அரிப்பதைவிட எலும்பு புதிதாக வளர்ந்து முள்ளெலும்புகள் ஒட்டிக்கொள்வதுதான் பயம். ஒருநாள் கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனபோதுதான், கண் மருத்துவர் "முதுகு எப்படி?" என்று கேட்டார்!

மூட்டு_டாக்டர் எழுதியது:

நல்ல கண் மருத்துவர். யுவியைட்டிஸ் எனும் அந்தக் கண் அழற்சி ஸ்பாண்டிலோ நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு எப்போதாவது வருகிறது. மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேரும் கவுட் (gout) நோயையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன்: ரத்த யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே நிரந்தரமாக வைத்தால் படிகங்கள் கரைந்தே போய்விடும். அழற்சி மூட்டுவாதங்களில் காரணத்தையே அகற்ற முடிகிற ஒன்று அது. அப்படியிருந்தும் பலர் வலி வரும்போது மட்டும் மாத்திரை போடுகிறார்கள்.

சோர்வுராணி எழுதியது:

எனக்குப் பன்னிரண்டாவது வருடம். வீக்கம் கிடையாது, சிஆர்பி நார்மல், எக்ஸ்ரே நின்ற இடத்தில் நிற்கிறது. டாக்டர் "பிரமாதம், ரெமிஷன்" என்கிறார், அதாவது நோய் அடங்கிவிட்டதாம். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் என்னால் நிமிர்ந்து உட்கார முடிவதில்லை. தூங்கினாலும் தீராத அசதி. இதைச் சொன்னால் எண்களைக் காட்டுகிறார்கள். நீண்ட கால விளைவு என்று பேசும்போது எல்லோரும் எலும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது. வேலையைத்தான் பாதி நேரமாக்கிக்கொண்டேன்.

கணுக்கிழவி எழுதியது:

இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் மணிக்கட்டை இணைத்த வலியைக்கூட மறந்துவிட்டேன், அசதியை மறக்கவில்லை.

மூட்டு_டாக்டர் எழுதியது:

சோர்வுராணி, உங்கள் புகார் ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. 2011இல் அமெரிக்க, ஐரோப்பிய சங்கங்கள் ரெமிஷனுக்கு ஒரு கடுமையான விதி வைத்தன: வீங்கிய மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, வலிக்கும் மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, சிஆர்பி டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நோயாளி தன் நிலைக்குத் தானே தரும் மதிப்பெண் 10க்கு 1க்குள் இருக்க வேண்டும். பலர் முதல் மூன்றிலும் தேறி, கடைசியில் மட்டும் விழுந்தார்கள். 2022இல் அந்தக் கடைசி எல்லையை 2 ஆக்கினார்கள். கணக்குக்கு அது நியாயம்தான். அசதிக்கு வைத்தியம் ஆகாது.

அசதிக்குப் பின்னால் பல காரணம் இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தசை பலவீனம், கூடவே உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா. ஒவ்வொன்றையும் தேட வேண்டும். தேடாமல் "வலிக்கிறது" என்ற ஒரு சொல்லுக்காக மேலும் மேலும் பலமான மருந்துக்குப் போவதும் தவறுதான். வீக்கம் இல்லாத வலிக்கு பயாலஜிக்கை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் சவ்வைப் பார்க்கலாம். அளவோடு தொடர்ந்து செய்யும் உடற்பயிற்சி அசதியைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. கேட்கவே எரிச்சலாக இருக்கும், தெரியும்.

சோர்வுராணி எழுதியது:

எரிச்சலாகத்தான் இருக்கிறது. தைராய்டு பார்க்கவே இல்லை, கேட்கிறேன்.

அரைமாத்திரை எழுதியது:

இன்னொரு விஷயத்துக்கு யாரும் வரவில்லை. தூரிகை கேட்கவே இல்லை என்றாலும் மனதில் இருக்கும்: வாழ்நாள் முழுக்க மருந்தா? எனக்கு நோய் அடங்கி மூன்று வருடம் ஆகிறது. டாக்டரோடு பேசி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறேன். முழுக்க நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

மூட்டு_டாக்டர் எழுதியது:

நார்வேயில் ஆர்க்டிக் ரீவைண்ட் என்று ஒரு ஆய்வு, 2021இல் வெளியானது. ஒரு வருடமாவது நிலையாக நோய் அடங்கியிருந்தவர்களில் பாதிப்பேருக்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தைப் பாதியாக்கினார்கள், மீதிப்பேருக்கு அப்படியே விட்டார்கள். 12 மாதத்தில் நோய் திரும்ப எழுந்தது பாதியாக்கியவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 6. பாதியாக்கிய நால்வரில் மூவர் நன்றாகவே இருந்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம், நான்கு மடங்கு ஆபத்து என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மைதான்.

முழுக்க நிறுத்துவது பற்றி: நெதர்லாந்தின் பெஸ்ட் ஆய்வில் 508 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, இலக்கை எட்டாவிட்டால் மருந்தை மாற்றினார்கள். பத்தாம் ஆண்டில் பாதிக்கும் கொஞ்சம் மேலானோர் ரெமிஷனில் இருந்தார்கள். மருந்தே இல்லாமல் ரெமிஷனில் இருந்தவர்கள் 14 சதவீதம். இடையில் பலர் ஆய்விலிருந்து விலகியதையும் கணக்கில் வைக்க வேண்டும். அந்தக் குழுவின் ஆயுள், பொதுமக்களின் ஆயுளை ஒட்டியே இருந்தது. 1980களில் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது சாதாரண மாற்றம் இல்லை. அன்றைய கடுமையான முடக்குவாத நோயாளிகளின் ஆயுளை, மூன்று இதய ரத்தக்குழாயும் அடைத்தவர்களோடு ஒப்பிட்டு எழுதிய காலம் அது.

ஆன்ட்டி-சிசிபி பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மருந்தில்லா ரெமிஷன் குறைவாகவே அமைகிறது. அரைமாத்திரை, உங்களுக்கு அது நெகட்டிவா?

அரைமாத்திரை எழுதியது:

பாசிட்டிவ்தான் சார். சரி, பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன், முழுக்க நிறுத்துவதை அப்புறம் பார்ப்போம்.

கைப்பயிற்சி எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். தூரிகைக்கு நேரடியாக. சாரா என்று ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, 2015இல் வந்தது, 490 பேர். ஒரு குழுவுக்குக் கை நீட்டும், பலம் கூட்டும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்துத் தொடர வைத்தார்கள், மற்ற குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருடத்தில் கையின் செயல்பாடு கூடியது, வலியோ நோயோ கூடவில்லை. பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தபோது இரு குழுவுக்கும் இடையிலான வித்தியாசம் தேய்ந்திருந்தது. பயிற்சியை விடாமல் செய்தால்தான் பலன் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

தூரிகையின் பிடியைத் தடிமனாக்குங்கள், நுரைக்குழாய் போட்டாலே போதும். மெல்லிய பிடியை இறுக்கும்போது கட்டைவிரலின் அடிமூட்டுக்குப் பாரம் ஏறும். படத்தைச் செங்குத்தாக வைத்துத் தோளிலிருந்து வரையும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. மூடி திறக்கும்போது விரல் நுனியால் முறுக்காமல் உள்ளங்கையை மேலே பதித்துத் திருப்புங்கள். கனமான கோப்பையை ஒரு கைப்பிடியில் தூக்காமல் இரண்டு கையாலும் ஏந்துங்கள். விரல்களைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளும் எந்த விசையையும் குறைப்பதுதான் நோக்கம். வீக்கம் கொதிக்கும் நாட்களில் பலப் பயிற்சி வேண்டாம், மெதுவாக மடக்கி நீட்டினால் போதும்.

தூரிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நுரைக்குழாய் யோசனை அருமை, இன்றே மாற்றினேன். இன்னும் இரண்டு கேள்வி. மூட்டைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்? குழந்தை பெறுவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தோம், அது இனி முடியாதா?

மூட்டு_டாக்டர் எழுதியது:

இரண்டாவதை முதலில். முடியும், ஆனால் திட்டமிட்டு. மெத்தோட்ரெக்ஸேட்டும், லெஃப்ளுனோமைடு என்ற இன்னொரு முடக்குவாத மருந்தும் கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றைத் தொடரலாம், சில பயாலஜிக்குகளும் உண்டு. பலருக்குக் கர்ப்பத்தில் நோய் தணியும், பிரசவத்துக்குப் பின் மறுபடி எழும். அதற்கும் தயாராக இருங்கள். மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், அதுவரை கருத்தடை அவசியம்.

மூட்டுக்கு வெளியே என்றால் முதலில் இதயம். மாரடைப்பு ஆபத்தைக் கணக்கிடும்போது முடக்குவாதத்துக்கு 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டி. ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் மற்றவர்களைவிட முன்னதாகவே பாருங்கள். வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு என்றால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு நீண்டால் எலும்பு மெலியும், அதனால் அது சில மாதங்களில் வெளியேற வேண்டிய விருந்தாளி. புகை பிடிப்பவராக இருந்தால் அதை விடுவது எந்த மாத்திரைக்கும் குறைந்ததல்ல. புகை நோயைக் கிளப்புவதோடு மருந்தின் பலனையும் குறைக்கிறது.

எதிர்க்கேள்வி எழுதியது:

நண்பனைக் கேட்டேன். ஆன்ட்டி-சிசிபி நெகட்டிவாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கணுக்கிழவி எழுதியது:

பட்டியலில் டாக்டர் ஒன்றை விட்டுவிட்டார். கழுத்து. என்னைப் போல நெடுநாள் நோயாளிகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தளர்ந்துவிடும். முழங்கால் அறுவைக்கு முன்னால் மயக்க மருத்துவர் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். குழாய் செருகத் தலையை வளைக்கும்போது தண்டுவடம் நசுங்காமல் இருக்க அது தெரிந்திருக்க வேண்டுமாம். தூரிகைக்கு இப்போது தேவையில்லை. என் வயதில் யாராவது வாசித்தால், எந்த அறுவைக்குப் போனாலும் பல் பிடுங்க மயக்கம் கொடுத்தாலும் முதல் வார்த்தையாக "எனக்கு முடக்குவாதம், கழுத்தைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

மூட்டு_டாக்டர் எழுதியது:

விட்டுவிட்டேன், உண்மை. கையிலோ காலிலோ புதிதாக மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது மாதிரி இருப்பது, இதில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.